ஒற்றைப்பல்லின் காது

1987 ஆகஸ்ட் 11, செவ்வாய்

இன்று பல் செட் கூடத்தில் ஏழு மேல்வரிசை, மூன்று கீழ்வரிசை. மெழுகில் கடைவாய்ப்பல் நட்டுக்கொண்டிருந்தபோது ரெகீனே வந்து நின்றாள். பேக்கரி மாவு முழங்கை வரை அப்பியிருந்தது.

"ஒற்றைப்பல்லு மேல இருக்கிற புத்தகம் நிறைஞ்சுபோச்சாம்டி. ஹென்னர் புதுசுக்கு அட்டை போட்டுட்டு இருக்காரு."

மெழுகில் பல்லைக் கோணலாக நட்டுவிட்டேன். பக்கத்து ஊர் பீர்னாவில் யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு சிரிக்கப் போகிறார்.

ஆகஸ்ட் 12

தூக்கம் சரியில்லை. எழுதியாவது பார்ப்போம்.

ஒற்றைப்பல் என்கிற கோபுரப் பாறையின் உச்சியில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் புத்தகம். ஏறியவர்கள் தேதியும் பெயரும் எழுதுவார்கள். புத்தகம் நிறைந்தால் கீழே வரும், அப்புறம் வாசிப்பு ஞாயிறு. பாறையேறும் சங்கத்தார் எல்லோரும் கேக்கும் காப்பியுமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துச் சிரிப்போம். எனக்குப் பிடித்த ஞாயிறு அது.

கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில் ரெகீனேவின் கணவர் ஹென்னரின் மழைக் குறிப்பேடும் இருக்கும். தினமும் காலை ஏழு மணிக்குத் தோட்டத்து மழைமானியைப் பார்த்து எழுதுகிற மனிதர். முப்பது வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. புத்தகத்துத் தேதியையும் குறிப்பேட்டையும் விரல் வைத்து ஒப்பிடுவார். மழை பெய்த மறுநாள் யாராவது ஏறியிருந்தால் தொலைந்தார்கள். எங்கள் மணற்கல் நனைந்தால் பிஸ்கட். 1979-ல் ஒரு நல்ல மனிதரைச் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். 1.8 மில்லிமீட்டருக்கு.

1976 செப்டம்பர் 12, ஞாயிறு, முந்தின இரவு மழை. அன்று ஏறியவள் நான். கீழே கயிறு பிடித்தவள் ரெகீனே. வெளியே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே ஈரம். ஒற்றைப்பல்லின் காது என்று ஊரே செல்லமாகப் பிடித்துத் தொங்கிய பிடி என் கையோடு வந்துவிட்டது. கால் நன்றாக ஊன்றியிருந்ததால் பிழைத்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலே போய்ப் பெயர் வேறு எழுதினேன், மடச்சி.

ஆகஸ்ட் 14

காது எங்கே என்று யாரும் கேட்டதில்லை. என் சமையலறையில், முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியின் பலகை மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருடமாக.

காதை உடைத்தது பெர்லின்காரன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. எது உடைந்தாலும் எங்களுக்குப் பெர்லின்காரன்தான். நானும் தலையாட்டினேன். போன வருடம் பெர்லினிலிருந்து வந்த மூன்று பேருக்குச் சங்கத்து அறையில் படுக்க இடம் தர மாட்டோம் என்று வாக்கெடுத்தபோது கை தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஹென்னர் வீட்டில் மதியச் சாப்பாடு. நான் கொண்டுபோன முட்டைக்கோஸை மூன்று முறை போட்டுக்கொண்டார்.

"புதுப் புத்தகத்தை நான் மேலே கொண்டுபோறேன்," என்றேன். ரெகீனே மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"நீயா? காது போனதுக்கப்புறம் அந்த இடத்தை நீ ஏறினதே இல்லையே, பல்லுக்காரி," என்றார் ஹென்னர்.

"அதனாலதான்."

"காது இல்லாம அங்கே கை எட்டாது, கீழே ஒரு ஆள் தோள் குடுக்கணுமே. அறுபது கிலோ இருப்பியா?"

"இருப்பேன்." அறுபத்தெட்டு. அதுவும் சொல்லாமல் விட்ட கணக்குதான்.

பாத்திரம் கழுவும்போது ரெகீனே கிசுகிசுத்தாள். "என்னடி பண்ணப் போறே?"

"பக்கத்தைக் கிழிக்கப் போறேன்."

தட்டைக் கீழே போட்டுவிட்டாள். இங்கே ஆளைக் கொன்றால்கூட ஏன் என்று கேட்பார்கள். உச்சிப் புத்தகத்தைக் கிழித்தவளிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் 20

மழை.

ஆகஸ்ட் 23

மழை. இப்போது மட்டும் நான் ஒழுங்காகக் காத்திருக்கிறேன், பாருங்கள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

ஏறியாயிற்று. எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறது.

காலையில் ஹென்னர் பாறையை முகர்ந்து பார்த்து "சரி" என்றார். சட்டைப் பையில் என் மெழுகுக் கத்தி. வெறுங்கால். ஒற்றைப்பல்லில் மொத்தமே இரண்டு இரும்பு வளையங்கள். மற்ற இடத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை வெடிப்பில் திணித்துவிட்டு, அது பிடிக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். முதல் வளையம் வரை பாடிக்கொண்டே போனேன். அப்புறம் பாட்டு நின்றது.

காது இருந்த இடத்தில் இப்போது மழமழவென்று ஒரு மஞ்சள் தழும்பு. அதற்குக் கீழே ஓர் ஆள் நிற்கிற விளிம்பு. ஹென்னர் அங்கே ஏறி வளையத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏறு. எவனோ ஒரு பெர்லின்காரன் பண்ணின காரியத்துக்கு என் தோள்பட்டை."

ஏறினேன். அவர் முதுகில், அப்புறம் தோளில், மன்னிக்க வேண்டும், கடைசியில் தலையிலும்.

"அறுபது கிலோவா இது?" என்று கீழிருந்து முனகல்.

கை எட்டவில்லை. அந்தத் தழும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நான் பிடுங்கிய பிடி இருந்திருந்தால் ஒரு நொடி வேலை. கீழே வளையம் எட்டடியில், முடிச்சு ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தது. விழுந்தால் ஹென்னரையும் இடித்துக்கொண்டு விழுவேன். நிஜமாகவே பயந்தேன். அப்போது அவர் நுனிக்காலில் எழும்பினார், ஐம்பத்தெட்டு வயதில். அந்த இரண்டு அங்குலம் போதுமாக இருந்தது.

மேலே போய்க் கயிற்றைக் கட்டியதும் கத்தினேன். "கயிறு சிக்கிடுச்சு, கொஞ்சம் பொறுங்க." பொய். பெட்டியைத் திறந்தேன்.

12.9.76. அன்னரோஸ், ரெகீனே. பாறை அருமை!

அருமையாம். ஆச்சரியக்குறி வேறு. கத்தியை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

3.10.76. ஹென்னர், ரெகீனே. காதைக் காணோம். எவனோ ஈரத்தில் ஏறிய பாவி. ரெகீனே சம்மதம் என்றாள்.

அதே தாள். அவர்கள் கல்யாணப் பேச்சின் முதுகில் என் பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எப்படி வெட்டுவது? கத்தியை மடக்கினேன். "அவிழ்ந்துடுச்சு, வாங்க," என்று கூவினேன்.

ஹென்னர் மேலே வந்து கை குலுக்கினார். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"வெண்ணெய் தடவ."

வாங்கி ரொட்டியில் தடவினார். புதுப் புத்தகத்தில் முதல் வரி நான் எழுதினேன், "தோள் உதவியுடன்" என்றும் சேர்த்து. "தலையும்," என்றார் ஹென்னர். அதையும் எழுதினேன்.

செப்டம்பர் 19

ரெகீனே சொல்கிறாள். "அன்னைக்கு நான் சம்மதம்னு சொன்னதுல பாதி குற்ற உணர்ச்சிடி. பாவம் மனுசன், காதைத் தேடித் தடவிட்டே ஏறி வந்தாரு."

மற்ற பாதி? "கால் ரெண்டும் மரத்துப்போச்சு, சீக்கிரம் இறங்கணும்."

சங்கம் என்னை நீக்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வேன்? உண்மையாகவே தெரியவில்லை. இருபது வருடமாக வேறு எதுவும் செய்து பழகவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

வாசிப்பு ஞாயிறு முடிந்தது.

முப்பது பேர். ரெகீனே இரண்டு தட்டு நிறைய எயர்ஷெக்கே கேக் சுட்டிருந்தாள், பதற்றத்தில் ஒன்றில் சர்க்கரை போட மறந்து. ஹென்னர் கண்ணாடியைத் துடைத்து, ஒரு பக்கம் புத்தகம், மறுபக்கம் குறிப்பேடு. 1971, 72, 73... ஓரிடத்தில் கூடத் தடுமாறவில்லை. 1976 ஜூலை. ஆகஸ்ட். விரலை நாக்கில் தொட்டார்.

1977 ஏப்ரல் என்று வாசித்தார்.

இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஒரு கமாவைக்கூட விடாத மனுஷன். காது வரை சிவந்திருந்தார்.

"கல்யாணப் பக்கம் எங்கேப்பா?" என்று பின்வரிசையில் கூச்சல். "வெக்கமா?" என்று சிரிப்பு.

அப்போதுதான் புரிந்தது. இவருக்குத் தெரியும். அன்று உச்சியில் உட்கார்ந்து முந்தின வரியைப் படித்தபோதே தெரியும். எனக்காக அவருடைய பக்கத்தையே விழுங்கிவிட்டார்.

அழுகை வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஹென்னர், ஒரு தாள் விட்டுட்டீங்க."

"ஒட்டிக்கிச்சு," என்றார். "உக்காரு, அன்னரோஸ்."

"ஒட்டலை. படிங்க. இல்லேன்னா நான் படிக்கிறேன்."

படித்தார். குறிப்பேட்டையும் படித்தார். 4.2 மில்லிமீட்டர். ரெகீனேயும் எழுந்து என் பக்கத்தில் நின்றாள், கையில் கேக் கத்தியோடு.

"எவனோன்னு எழுதியிருக்கீங்களே," என்றேன்.

"பக்கத்துல ரெகீனே உக்காந்திருந்தா. அன்னைக்கு இவகிட்ட வேற ஒரு கேள்வி கேக்க வேண்டியிருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கல்லு எங்கே?"

"முட்டைக்கோஸ் ஜாடி மேல."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அதான் அந்த ருசி," என்றார்.

யாரோ ஒருவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. ஆனாலும் வாக்கெடுத்தார்கள். விட்டுவிடவில்லை.

அக்டோபர் 5

நீக்கவில்லை. ஒரு வருடம் எந்தக் கோபுரத்திலும் கால் வைக்கக்கூடாது. ரெகீனேவுக்கு ஆறு மாதம், தெரிந்தே மறைத்தவரோடு குடும்பம் நடத்துவதால் மீதி தள்ளுபடி. ஹென்னர் தாள் தாண்டியதற்கு மழைமானியைப் பறித்துவிட்டார்கள். இனி அதை என் தோட்டத்தில் வைத்துத் தினமும் காலை ஏழு மணிக்கு நான் பார்க்க வேண்டும். அவருக்குத்தான் பெரிய தண்டனை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 6

ஏழு மணி. 0.0. ஏழு ஐந்துக்கு ஹென்னர் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

1988 மே 7, சனி

ஏழு மணி. 3.9 மி.மீ.

எட்டரைக்கு மூன்று பையன்கள் கதவைத் தட்டினார்கள், தோளில் கயிறு. பேச்சிலேயே பெர்லின் என்று தெரிந்தது.

"ஒற்றைப்பல்லு ஏறலாமா? மழைக் கணக்கு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

"நாளன்னைக்கு."

"நல்லா வெயிலடிக்குதே. தொட்டுப் பாத்தோம், காஞ்சுதான் இருக்கு."

சங்கத்து அறையின் சாவியைக் கொடுத்தேன், இரண்டு நாள் தங்கிக்கொள்ளச் சொல்லி. உள்ளே போய் ஜாடிப் பலகை மேலிருந்த காதை எடுத்துவந்து நெட்டையாக இருந்தவன் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"இதை யாரு உடைச்சாங்க?"

"நான்தான்," என்றேன்.