கறிவேப்பிலைக்குப் போட்ட ஹீட்

இஞ்சாருங்கோ,

மூன்று கிழமையாக நான் வீட்டுக்குள் ஜக்கெற்றோடு நின்று சமைக்கிறேன். ஹீட்டைப் போடச் சொல்லிக் கேட்ட ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "நவம்பர் வரட்டும். இன்னொரு சுவெற்றரைப் போடுமன்." நானே போட்டால், நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நிறுத்திவிடுவீர்கள். முழங்கால் விறைத்துப் படி இறங்க முடியவில்லை என்றேன். அதற்கும் சுவெற்றர்தான்.

நேற்று வேலையால் வந்து கதவைத் திறந்தால், வீடு கதகதப்பாக இருந்தது. என் முழங்காலுக்காகத்தான் போட்டீர்கள் என்று நம்பி, சிரித்த முகத்தோடு உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். நீங்களோ, வெளியிலிருந்து தூக்கிவந்த கறிவேப்பிலைச் செடிச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள்.

"இலை கொட்டத் தொடங்கிட்டுதப்பா. அதுவும் ஒரு உயிர்தானே?"

தேத்தண்ணியை நானே குடித்தேன்.

நான் அஜக்ஸில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். எப்போது வருவேன் என்று போன் எடுத்துக் கேட்கவேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பிரிட்ஜில் ஒட்டினால் எத்தனை நாள் கழித்துக் காண்பீர்களோ தெரியாது. அதனால்தான் கறிவேப்பிலையில் செருகிவிட்டுப் போகிறேன்.

இந்த வீட்டில் இருந்த மற்ற உயிர்