இரண்டாவது தட்டு

என் பிரியமுள்ள மாப்பிள்ளை தனசேகருக்கு,

உன் புரோகிராமை மாற்றிவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் சுளிப்பாய், சுளித்துக்கொள்.

ஒரகடத்தில் நம் கம்பெனியின் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் மெஷினுக்குத் தொடுதிரைப் புரோகிராம் எழுதியவன் நீ. விண்டோவைத் திறக்க, பட்டனை வரைய, விரல் எங்கே பட்டது என்று அறிய நீ நம்பியிருந்த லைப்ரரியை, அந்த இரவல் புரோகிராம் தொகுப்பை, அதைச் செய்தவர்களே கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. வேறொன்றுக்கு மாறலாம் என்று மீட்டிங்கில் நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "ஓடிக்கினு இருக்கறத ஏன் நோண்டணும்? மச்சானுக்கு வேற வேலை இல்ல சார்." மேனேஜர் சிரித்தார். இன்னும் யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

அதன்பிறகு ஐந்து வருடம் ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்தும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். தங்கை கலாவுக்காக உன் வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன். உன்னிடம் பேசவில்லை. நீ கண்ணை மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில்கூட டாக்டரைப் பற்றித்தானே பேசினோம்?

இந்த வருடம் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் உன் விண்டோ திறக்கவே இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு ஷிஃப்ட் டிரையல் தர்றேன். ஓடலன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவோம். அவங்க எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதுவாங்க."

எல்லாவற்றையும் என்றால், நீ பன்னிரண்டு வருடம் எழுதியதை.

ஆறு மாத வேலை என்று பயந்துதான் திறந்தேன். மூன்றே வாரத்தில் முடிந்தது. லைப்ரரியைத் தொடும் வரிகளையெல்லாம் நீ ஒரே ஃபைலுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாய். அதை மட்டும் மாற்றினால் போதும். நீ அப்படிப் பிரித்த தேதியைப் பார்த்தேன். அந்த மீட்டிங்குக்கு அடுத்த வாரம். ஏன் மாப்ளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை காலை டிரையல். அந்த மெஷினை ஓட்டும் மண்ணூர் மேரி ஒரு பாகத்தை வைத்துப் பச்சைப் பட்டனைத் தட்டினாள். சோதனை தொடங்கி, உடனே நின்றது. அடுத்ததும் அப்படியே. பத்துப் பாகம், பத்தும் நின்றன. நான் தட்டினால் ஓடியது.

"உங்க கைக்கு மட்டும் ஓடுற மெஷினா சார்?" என்றார் மேனேஜர்.

மேரியின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டக் டக். இரண்டு தட்டு. சோதனை தொடங்கியதும் பச்சைப் பட்டன் இருந்த அதே இடத்தில் நிறுத்தும் பட்டன் வரும். இரண்டாவது தட்டு அதன்மேல் விழுந்தது.

"ஏம்மா ரெண்டு தடவை தட்டுற?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? ரெண்டு வாட்டி தட்னாத்தான அது முழிச்சிக்கும்? தனசேகர் சாரு சொல்லிக் குட்த்ததாச்சே. மொத தட்டு கதவத் தட்டறது, ரெண்டாவது தட்டு உள்ள போறதுன்னு."

பழைய லைப்ரரி முதல் தட்டை விண்டோவை எழுப்புவதற்கே செலவழித்துவிடும். அதைத் திருத்த முடியாமல் நீ மனிதர்களைப் பழக்கிவிட்டாய்!

"இனிமே ஒரே தட்டுன்னு நோட்டீஸ் ஒட்டிடுங்க" என்றார் மேனேஜர். உன் குறையை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட எனக்கு ஒரு வாய்ப்பு. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் அந்த ஃபைலின் தேதி நினைவுக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டு ஒரு வரி சேர்த்தேன்: அரை வினாடிக்குள் வரும் இரண்டாவது தட்டைக் கண்டுகொள்ளாதே. அவசரத்துக்கு நிறுத்த மெஷினின் பக்கத்தில் தனிப் பொத்தான் இருக்கிறது, நீ கவலைப்படாதே.

மேரி தட்டினாள். டக் டக். ஓடியது.

"ஆங், இப்பதான் சார் நம்ம மெஷின் மாதிரி கீது."

ஷிஃப்ட் முடியும்வரை நிற்கவில்லை. வெளிக் கம்பெனிப் பேச்சும் அத்தோடு போயிற்று. மேனேஜர் எல்லோருக்கும் அனுப்பிய மெயிலில் என் பெயர் இல்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் அன்று பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். கலாவிடம் சொன்னேன். அவள் "ரெண்டு பேரும் இத முன்னாடியே பேசித் தொலச்சிருக்கலாம்ல" என்று திட்டிவிட்டுக் காபி கொடுத்தாள்.

அந்த ஒரு வரிக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன். நான் வைத்த புது லைப்ரரியும் ஒருநாள் பழசாகும். மாற்றலாம் என்று யாராவது வந்து நின்றால் சிரிக்க மாட்டேன், சிரிக்கவும் விடமாட்டேன். மேரி கை இரண்டு முறை தட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த அரை வினாடியை மட்டும் தொடவிடமாட்டேன்.

பாதிக் கோபம் இன்னும் பாக்கியுள்ள,
உன் மச்சான்
ரகுநாதன்