அந்த ஐந்தரை மணி நேரம்

மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் செல்வத்துக்கு,

நேற்று நெமிலிச்சேரியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போய் மூன்று மாதம் கழித்து இப்போதுதான் அங்கே போக எனக்குத் தைரியம் வந்தது. உன் மனைவி தேவி காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

உன் வேலை போனதற்குக் காரணம் நீ இல்லை செல்வம். நான் எழுதிய ஒரு வரி.

நம் ஃபைல்களை வெளிநாட்டு சர்வருக்கு நகலெடுக்கும் புரோகிராமை நான்தானே எழுதினேன்? நகலெடுத்தால் ஃபைலின் நேரம் மாறிவிடும் என்று, கடைசியாகத் திருத்திய நேரத்தை அதன்மேல் மறுபடி பதிய வைத்தேன். ஒரு வாடிக்கையாளரின் ஃபைலை நீ அன்று திருத்தியது மதியம் ஒன்றரைக்கு. என் புரோகிராம் ஒன்றரை என்று பதிந்தது, எந்த ஊர் ஒன்றரை என்று பதியவில்லை. சர்வர் அதை கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு, நமக்குக் காட்டும்போது இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டி மாலை ஏழு என்றது.

ஆறு மணிக்கு மேல் ஃபைல்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது நம் ஆபீஸ் சட்டம். மறுநாள் அந்த வாடிக்கையாளரின் சிஸ்டம் படுத்ததும், காரணம் தேடியவர்கள் கண்ணில் உன் பெயரும் அந்த ஏழு மணியும்தான் பட்டன.

"ஏழு மணிக்கு நான் கம்ப்யூட்டரையே தொடல சார்" என்றாய். அப்படியென்றால் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தேன்.

அந்த ஏழு மணிக்கு நீ சேக்காட்டில் என் வீட்டில், ஸ்டூல்மேல் ஏறி, என் மகளின் தூளிக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாய். ஆபீஸில் ட்யூட்டியில் இருப்பதாகப் பதிந்துவிட்டு வந்த நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் நீ பேசாமல் இருந்தாய். எனக்கும் வாய் இருந்ததே?

இரண்டே நாளில் தப்பைக் கண்டுபிடித்து, எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து, சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டேன். புது ஃப்ளாட், கைக்குழந்தை, பயம். நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ ஆவடியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போனாய். வழியில் பார்த்தால் அப்போதும், "இன்னா மச்சான், பாப்பா நல்லா கீதா?" என்றுதான் கேட்டாய். எப்படி முடிந்தது உன்னால்? பிறகு ஒரு காலையில் உன் இதயம் நின்றுவிட்டது.

நேற்று தேவி கோபமே இல்லாமல் கேட்டாள். "அன்னிக்கு உங்க ஊட்லதானேண்ணா இருந்தாரு? நீங்க எப்டியும் சொல்லிடுவீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

இன்று காலை ஒன்பது பத்துக்கு, நம் ஊர் நேரம், ஆபீஸுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பழைய வரியையும் இணைத்திருக்கிறேன், நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். உன்மேல் தப்பில்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை தேவியின் கையில் கொடுக்காமல் விடமாட்டேன். பாப்பாவின் தூளி தொங்கும் அந்தக் கொக்கிமேல் சத்தியம்.

நீ பார்த்தபோது தலை குனிந்த உன் மச்சான்,
முருகேசன்