கப்பலுக்குப் போட்ட காயில்

மச்சான்,

போன வாரம் உன் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வந்த காரின் முன்பக்கமே தெரியாதபடி மல்லிகைச் சரம் தொங்கியது. சூட்டில் வாடிய பூவின் வாசனை முகத்தில் அடித்ததுதான் தாமதம், என் கை தானாகப் போய்ச் சரங்களை உருவ ஆரம்பித்துவிட்டது. டிரைவர் ஓடி வந்தான். "இன்னா பெரியவரே பண்றீங்க?"

நாம் கப்பல் என்று கூப்பிட்ட வண்டியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் நீயும் நானும் கூட்டாக வைத்துக் கல்யாண ஊர்வலங்களுக்கு விட்ட பழைய அமெரிக்கக் கார். கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறும். ஓடினால் ராஜா. நாயனத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் மட்டும் கியர் ஆயில் கொதித்து வண்டி படுத்துவிடும். பூந்தமல்லியில் ஒரு மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோமே, அதை உன் வருங்கால மாமனார் நேரில் பார்த்திருந்தார். உனக்குப் பெண் பேசியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, அந்தக் காரில் வரக் கூடாது என்பதுதான். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம வண்டிலதான் வருவேன் மாமா. வழில படுத்துகினா பொண்ணே தர வாணாம்" என்று சபையில் சொல்லிவிட்டாய். உன்னை அறையலாம் போலிருந்தது எனக்கு.

அப்புறம்தான் அந்தக் காயில். பழைய ஏசியில் கழற்றிய செம்புக் காயிலை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினோம். கியர் ஆயில் அதற்குள்ளும் ஒரு சுற்றுப் போய் ஆறித் திரும்பும்படி குழாய் போட்டோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சோதனை. ஊர்வல வேகம் வேண்டுமே என்று வாயாலேயே நாயனம் வாசித்துக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். சைக்கிளில் போன ஒருவர், "மாப்ள எங்க அண்ணாத்தே?" என்றார். "நான்தாம்பா" என்று சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தாய். ஒரு மணி நேரம் ஊர்ந்தும் ஆயில் கொதிக்கவில்லை.

உன் ஊர்வலத்தன்று கெடுத்தது நான்தான். தலைகால் புரியாத சந்தோஷத்தில் காரின் முன்பக்கம் முழுவதையும் மல்லிகைச் சரத்தால் மூடிவிட்டேன். காற்றே புகாவிட்டால் காயில் என்ன செய்யும்? பாதி வழியில் வெந்த மல்லிகையும் காந்திய ஆயிலும் ஒன்றாக நாறின. பக்கத்திலேயே உன் மாமனார் நடந்து வருகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன்.

நீ பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்து, "பிள்ளார் கோயிலாண்ட நிறுத்து. இன்ஜின ஆஃப் பண்ணாத" என்றாய். இன்ஜின் ஓடினால்தான் ஆயில் காயிலில் சுற்றி ஆறும். சாமிக்காக நிறுத்தினால் யார் குறை சொல்ல முடியும்? இறங்கி, ஆயில் கசிந்து பிசுபிசுத்த சரம் அத்தனையையும் உருவிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்குச் சாத்தினாய். பிறகு சுற்ற ஆரம்பித்தாய். ஒவ்வொரு சுற்றிலும் என் முகத்தைப் பார்த்தாய். வாடை அடங்கி நான் தலையாட்டுவதற்குள் பதினொரு சுற்று. கோயில் பக்கமே ஒதுங்காத ஆள் நீ. உன் மாமனார் கண் கலங்கி, "இந்த மாதிரி பக்தியான புள்ள யார் ஊட்ல கீது?" என்றார். சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தேன் மச்சான். போன வாரம் கையில் சரத்தோடு டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, உன் மனைவி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள்.

"குடுங்கண்ணே, நானே பிள்ளாருக்குப் போட்டுட்றேன். அன்னிக்கு எங்க ரிசப்ஷன்ல பக்கத்துல வந்து நிக்கசொல்லோ அவரு கையெல்லாம் ஆயில் நாத்தம்."

நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். எந்தக் கல்யாணக் காரைப் பார்த்தாலும் என் கை பூவை விலக்கத்தான் போகும். இனி யாராவது ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடலாம். முதலில் அந்த டிரைவரிடம்தான் சொன்னேன்.