சேற்றுக் கைக்காக வாங்கிய ஹெட்செட்

அனுப்புநர்:
து. அம்சவல்லி (வயது 46),
க/பெ. (லேட்) துரைக்கண்ணு,
மேட்டுத் தெரு, ஓடைக்குடி,
கீழ்வேளூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: குறையுள்ள ஹெட்செட் விற்றவர் மீது நடவடிக்கை கோருதல் – அதன் வழியே தெரியவந்த, என் மகனுக்கு ஆலையில் நேர்ந்த விபத்தை விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் நடவு வேலை செய்பவள். பத்தாம் வகுப்பு வரை படித்திருப்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். எங்கள் நடவுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். வயலில் இறங்கும்போது எல்லோருடைய செல்போனையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மூடி, வரப்பில் வைத்துவிடுவது வழக்கம். போன் அடித்தால் கை முழுக்கச் சேறு. கழுவிக்கொண்டு கரையேறுவதற்குள் நின்றுவிடும்.

2. சென்ற செப்டம்பரில் கீழ்வேளூர் கடைத்தெருவில் வேனில் வைத்து விற்ற ஒருவர், கழுத்தில் மாட்டும் ஹெட்செட்டைக் காட்டி, "கை சேறா இருந்தாலும் கவலைப்படாதீங்கக்கா, மூணு தடவை அடிச்சா அதுவே எடுத்துக்கும்" என்றார். பன்னிரண்டு பேரும் வாங்கினோம், எல்லாம் ஒரே கறுப்பு. சோற்றுத் தூக்குவாளிக்கு ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி அடையாளம் வைக்கிற நாங்கள், இதற்கு ஒரு நூல் கட்டவில்லை. புத்தி கெட்டுப்போனது எங்களுக்குத்தான், அதை மறைக்கவில்லை.

3. மாறிப்போனால் என்ன ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெட்செட் யாருடையதோ, அவருடைய போனில் வருவதுதான் காதில் கேட்கும். எங்களில் ஒரு மருமகளின் தாயார், "ஒன் மாமியா வாய் அடங்குச்சா?" என்று கேட்டது மாமியாரின் காதிலேயே விழுந்தது. அந்த வீட்டில் இப்போது இரண்டு அடுப்பு எரிகிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே அத்தனையையும் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

4. 22.10.2024 காலை பத்தரை மணிக்கு டீ குடிக்கக் கரையேறியபோது, கழற்றிப் பூவரசங்கிளையில் மாட்டினோம். திரும்ப இறங்கும்போது நான் எடுத்து மாட்டியது என் நாத்தனார் கயல்விழியுடையது. அவள் தன் காதில் எதையும் மாட்டாமல் எதிர் மூலையில் நட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அடித்தது, தானாகவே எடுத்துக்கொண்டது. பேசியது என் ஒரே மகன் பரிதி. வயது 23. ஓசூர்ப் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி.

5. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தை, கட்டுப் பிரிச்சிட்டாங்க. வலது கையில மூணு வெரலு போனது போனதுதான். கம்பெனியில ஒண்ணும் எழுதிக்கல, கேட்டா வேலைக்கு வராதேங்கிறாங்க. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க." பதில் வராததால், "அத்தை, கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்டான். கேட்டது அய்யா. கையிலிருந்த நாற்றுமுடி தண்ணீரில் விழுந்தது. அவன் போனை வைத்துவிட்டான்.

6. கயல்விழியைப் பிடித்துக் கேட்டேன். ஆகஸ்ட் மாதமே பிரஸ் மெஷினில் கை சிக்கியதாம். கூட்டத்தில் மற்ற பத்துப் பேருக்கும் தெரியுமாம். தினமும் எனக்கு இடமும் வலமும் நின்று நட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. எந்த அதிர்ச்சி பெரிது என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

7. வீடியோவில் வரச் சொன்னபோதெல்லாம் "நெட் இல்லம்மா" என்றான். தீபாவளிக்கும் வரவில்லை, ஓவர்டைம் என்றான். எனக்குத் தெரிந்துவிட்டதை அவனிடம் சொல்லக் கூடாதென்று கயல்விழியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் பேசுகிறான். "சாப்பிட்டியா" என்று கேட்கிறேன். எந்தக் கையால் என்று கேட்க முடியவில்லை.

8. மற்ற பதினொரு பேரும் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்க விரும்புகிறார்கள். விற்றவரைக் கண்டுபிடித்து ஆவன செய்ய அவர்கள் சார்பில் வேண்டுகிறேன். வாங்கியதற்காக நானும் வருந்தாத நாளில்லை. ஆனால் அது மாறிப்போகாமல் இருந்திருந்தால் என் பிள்ளையின் கை போனது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆகவே அந்தக் கோரிக்கையில் என் கையெழுத்து இல்லை.

9. என் கோரிக்கை வேறு. ஆலையில் நடந்த விபத்தை முறையாகப் பதிவு செய்யவும், என் மகனின் சிகிச்சைக்கும் வேலைக்கும் வழி செய்யவும், இம்மனுவை உரிய துறைக்கு அனுப்பி உத்தரவிட வேண்டும். விசாரணைக் கடிதம் அவனுக்குப் போகும்போது, மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள் அய்யா. நான் தினமும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போனை வைக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி வீட்டுக்கு வரலாம் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தாவது அவன் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
து. அம்சவல்லி

இடம்: ஓடைக்குடி
நாள்: 04.11.2024

இணைப்பு: பதினொரு பேரின் கையொப்பம், பரிதியின் ஓசூர் முகவரி.