நாகாவளி சபதம் படமும் நம் வீட்டுப் பெயரும்

சீமலவலசா,
பிப்ரவரி 9

அன்பு மகள் ஹைமாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க அரசவல்லி சூரியநாராயணரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ கோபத்தில் நடுவில் புகுந்துவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எதிர்வீட்டு உமாமகேஸ்வரியின் மருமகன் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் உனக்குப் பிடித்த காஜா இனிப்போடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

சங்கராந்திக்கு அந்தப் படம் வந்தபோது எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் ஊர் அப்பலசாமி வெள்ளைக்காரனை எதிர்த்து ரயில் பாதையைப் பெயர்த்த கதை, அதைப் போய் இத்தனை பெரிய படமாக எடுத்திருக்கிறார்களே என்று உன் அப்பா இரண்டாம் நாளுக்கே டிக்கெட் சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் ஊரே திருவிழாவாக இருந்தது, டிராக்டர் டிராக்டராக ஆட்கள், கட்அவுட்டுக்குப் பால், பெண்களெல்லாம் தலையில் கொடி நிறத்தில் ரிப்பன். உமாமகேஸ்வரி காலை ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள், நான் வாசலில் நின்று படம் எப்படி என்று கேட்டேன், நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலைவலியோ என்னவோ என்று நினைத்தேன். சாயந்திரம் உன் அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது ஆட்டோக்காரன் ஒருவன், "மாஸ்டாரு, எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறான். இவர் சாதாரணமாக, கடைத்தெருப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். எதற்கென்று புரியாமல் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

மறுநாள் படத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்பலசாமி மலையில் ஒளிந்திருக்கிறார், வெள்ளைக்காரத் துரை குதிரை மேல் இருந்தபடி கிராம முன்சீப்பைப் பார்த்து எந்தப் பக்கம் என்று கேட்கிறான், முன்சீப் பல்லைக் காட்டிக்கொண்டே குடையை நீட்டி முந்திரித் தோப்புக்குப் பின்னால் இருக்கும் மலையைக் காட்டுகிறான். முன்சீப்பின் பெயர் நீலிகொண்ட முன்சீப். உன் அப்பாவின் தாத்தாவேதான், நம் வீட்டுப் பெயரைக்கூட மாற்றவில்லை, ஹைமா. திரை கிழியாமல் இருக்க முன்வரிசையில் இரண்டு ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள், அப்படியும் செருப்பு பறந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பலசாமியைத் தூக்கில் போடும் இடத்தில் உன் அப்பாவும் அழுதார். வெளியே வரும்போது எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதைக்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் அவர், படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும். பால்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லார் வாயிலும் எந்தப் பக்கம். யாரோ நம் கேட்டில் ஒரு கிழிந்த குடையை மாட்டிவிட்டுப் போனார்கள். நீ அங்கே இதைக் கேள்விப்பட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வீடியோவைப் போட்டாய். எங்கள் கொள்ளுத்தாத்தா போலீசிடம் மூன்று நாள் அடி வாங்கினார், வாயைத் திறக்கவில்லை, படம் எடுத்தவர்கள் மேல் கேஸ் போடுவேன் என்று பேசினாய். இரண்டே நாளில் அது ஊர் முழுக்கப் பரவி, இளைஞர் சங்கத்துப் பையன்கள் இருபது பேர் நம் வாசலுக்கு வந்தார்கள். சங்கத் தலைவன் ராஜேந்திரன் உன் அப்பாவிடம் கணக்குப் படித்தவன்தான். "உங்க பொண்ணு வெளிநாட்டுல உக்காந்துகிட்டு எங்க அப்பலசாமி கதையைப் பொய்ங்குது மாஸ்டாரு. ஸ்கூல் நூலகத்துல உங்க தாத்தா பேர் வெட்டின கல்லு இருக்கு பாருங்க, இருபத்தாறாம் தேதிக்குள்ள அதை நீங்களா எடுக்கறீங்களா, நாங்க எடுக்கட்டுமா?" என்றான். பின்னால் இருந்து எவனோ கல்லெறிந்தான், முன்னறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. எனக்கு ஒன்றும் படவில்லை, நீ பதறாதே. நான் அவர்களைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் வெட்கமாக இல்லையா, அந்த மனுஷன் அத்தனை அடி வாங்கியும் வாயைத் திறக்கவில்லையடா என்று கத்தினேன். உன் அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, "சும்மா இரு லலிதா. அவர் சொன்னாரு" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், ஒரு நாளும் என்னிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார். அப்பலசாமியைப் பிடிக்க முடியாமல் போலீஸ்காரர்கள் பதினோரு பேரை நெல் கிடங்கில் அடைத்தார்களாம், அதில் அப்பலசாமியின் பெண்டாட்டியும் எட்டு மாதக் கைக்குழந்தையும் உண்டு. மூன்று நாள் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தக் கிடங்குக் கதவுக்கு வெளியே முன்சீப் தாத்தாவை உட்கார வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் குழந்தை அழுதது, மூன்றாம் நாள் அழுகை நின்றது. நான்காம் நாள் காலை தாத்தா இடத்தைச் சொல்லிவிட்டார். அவரை யாரும் அடிக்கவில்லை. அவர் நிலமும் வாங்கவில்லை, பட்டமும் வாங்கவில்லை, குடையும் நீட்டவில்லை, ஆனால் சொன்னார். அடி வாங்கிய கதையெல்லாம் பின்னால் வீட்டில் சேர்த்தது. உன் தாத்தா சாகும் முன் இதை மகனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், மகன் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, உனக்கு மட்டும் அந்த அடி வாங்கின கதையைச் சொல்லித் தூங்க வைத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, சிம்மாசலம் கடைக்குப் போகிறேன் என்றார். அப்பலசாமியின் பேத்தி, பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை போட்டிருக்கிறாளே அவள்தான். தனியாக விட பயந்து நானும் கூடப் போனேன். அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் மாஸ்டாரு. அந்தக் கிடங்குல கெடந்த கைக்குழந்தை எங்க அப்பன்தான். உங்க வீட்டு ஆளுங்க எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் எங்க பாட்டி சாகற வரைக்கும் பாத்துச்சு" என்றாள். இவர் கைகூப்பினார். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா எப்படி? உங்க தாத்தாவுக்குக் கல்லு வெச்சீங்கல்ல ஊரறிய, இதையும் ஊரறியச் சொல்லுங்க" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அவள் கேட்டதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்ற இரண்டு நாள் பிடித்தது.

இருபத்தாறாம் தேதி பள்ளி மைதானத்தில் கொடியேற்றம், படத்தில் நடித்த யாரோ வருவதாகச் சொல்லி நாலு ஊர் கூட்டம். மேடையில் சிம்மாசலத்துக்குச் சால்வை போட்டார்கள். அப்போது உன் அப்பா எழுந்து மேடைக்கு நடந்தார். நடுவிலேயே எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கூச்சல். நான் கடைசியில் பெண்கள் வரிசையில் இருந்தேன், அவர் ரத்த அழுத்த மாத்திரையை என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். ராஜேந்திரன் மைக்கைத் தரவில்லை. சிம்மாசலம்தான் எழுந்து போய் அதை வாங்கி இவர் கையில் கொடுத்து, "முடிக்கற வரைக்கும் யாரும் பேசக்கூடாது" என்றாள். இவர் பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னார். தாத்தா சொன்னது நிஜம், குழந்தைக்காகச் சொன்னார், அதற்காக அப்பலசாமி செத்தது இல்லாமல் போகாது, ஆனால் எண்பது வருஷமாக நாங்கள் சொன்ன பொய்க்கு எந்தக் குழந்தையும் காரணமில்லை, அதற்கு நாங்களே பொறுப்பு, கல்லை நானே எடுக்கிறேன் என்றார். பாதியில் ஒரு செருப்பு வந்து தோளில் விழுந்தது. குனிந்து அதை எடுத்து மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கை யாரும் தட்டவில்லை. கூட்டம் கலைந்து போன சத்தம்தான் கேட்டது.

மறுநாள் கொத்தனாரோடு போய்க் கல்லைப் பெயர்த்தார், ராஜேந்திரன் வந்து ஒரு பக்கம் பிடித்தான். உமாமகேஸ்வரி மறுபடியும் வருகிறாள். மருந்துக்கடைக்காரர் இன்னும் அப்படியேதான். படம் இன்னும் ஓடுகிறது, குடை நீட்டும் இடத்தில் இன்னும் செருப்பு எறிகிறார்களாம். சிலர் சிம்மாசலத்திடமும் போய், நீ ஏன் அந்த ஆளுக்கு மைக்கைக் கொடுத்தாய் என்று சண்டை போட்டிருக்கிறார்கள், அவள் கடையில் வியாபாரம் குறைந்திருக்கிறது. நாங்கள் தினமும் போய் அங்கேதான் சாப்பிடுகிறோம். அவள் சிரித்துப் பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டுப் போகிறாள்.

உன் வீடியோவை அப்பா பலமுறை பார்த்தார். "ஒரு எடத்துலகூடத் தடுமாறலை லலிதா, நான் சொன்னதை அப்படியே நம்பிப் பேசறா" என்று சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். அந்த வீடியோவை எடுத்துவிடு என்று அவர் உன்னிடம் கேட்க மாட்டார், கேட்க அவருக்கு வாய் வராது. நான் கேட்கிறேன். எடுத்தால் மட்டும் போதாது ஹைமா, சத்தமாகச் சொன்னதை நீயே சத்தமாகத் திருத்த வேண்டும். உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டிலும் ஏதாவது சொல்வார்கள், தெரிந்துதான் எழுதுகிறேன்.

குளிரில் குழந்தையைத் தலை நனைய விடாதே. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். இப்போதெல்லாம் நீ கூப்பிடுகிற நேரம் வந்தால் உன் அப்பா மாடிக்குப் போய்விடுகிறார், என்ன கேட்பாயோ என்று பயம், இத்தனை பெரிய கூட்டத்துக்குப் பயப்படாத மனுஷனுக்கு. நீ கூப்பிடும்போது என்னோடு பேச வேண்டாம். அப்பாவிடம் கொடு என்று சொல், அவர் வரும் வரைக்கும் வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
நீலிகொண்ட லலிதகுமாரி