ரூபிக்குக் குறித்த நாள்

ஆறுமுகநேரி,
5.11.1973

அன்புள்ள தேவகனிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம் என்று ஆரம்பித்தால் நீ கடிதத்தை அத்தோடு மடித்து வைத்துவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் ரூபி சினையாக இருக்கிறாள்.

நீ நாசரேத்தில் உன் அப்பா வீட்டுக்குப் போய், அங்கே டீச்சர் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இது என் ஆறாவது கடிதம். முந்தின ஐந்துக்கும் பதில் இல்லை. இதற்காவது போடு, எனக்காக வேண்டாம், அவளுக்காக. அவளை வளர்த்தது நீ. நாய்க்குச் சோறு வைக்கக்கூட எனக்குத் தெரியாது என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாய்! இப்போது அவளுக்கு வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து என் காலில் இடறுகிறாள்.

தகப்பன் நம் உப்பளத்து வாட்ச்மேன் தளவாயின் செவலை நாய். அக்டோபர் 3-ம் தேதி இரண்டும் சேர்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நாய்க்கு அறுபத்து மூன்று நாள் என்று புத்தகம் சொல்கிறது. கணக்குப்படி டிசம்பர் 5, புதன்கிழமை.

அதுவரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுது. ரயிலில் ஒரு மணி நேரம்தான், நானே கொண்டு வந்து விட்டிருப்பேன். உன் அப்பா நாயை வாசல்படி ஏற விட மாட்டார். என்னையும்தான்.

உன்,
கிருபாநிதி


நாசரேத்,
8.11.1973

ரூபிக்காக மட்டும் இந்தப் பதில்.

ஒரே வேளையில் வயிறு முட்டச் சோறு வைக்காதீர்கள். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போது அவளால் அவ்வளவு தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை வையுங்கள். முட்டை கொடுக்கலாம், ஈரல் கிடைத்தால் வேகவைத்துக் கொடுங்கள். கருவாட்டுத் தலை கூடவே கூடாது. உப்புப் பாத்திப் பக்கம் விடாதீர்கள். தாகம் எடுத்தால் அந்தத் தண்ணீரையே நக்கி வைப்பாள், புத்தி கிடையாது. வாசலில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

படுக்க ஒரு தேயிலைப் பெட்டியை ஒரு பக்கம் அறுத்து, அடுப்படி மூலையில் போடுங்கள். இப்போதே பழக்கினால்தான் அந்த நேரத்தில் அங்கே போவாள். தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுங்கள். அதற்கு நோட்டு தேவையில்லை.

தேதி குறித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

தேவகனி


ஆறுமுகநேரி,
12.11.1973

அன்புள்ள கனிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது. திட்டு பிறகுதான் கண்ணில் பட்டது.

சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். தேயிலைப் பெட்டி வந்தாயிற்று. குடோனிலிருந்து நல்ல தடித்த சாக்கு நான்கு எடுத்து வந்து மெத்தை மாதிரி விரித்திருக்கிறேன். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், நூற்றொன்றரைக்குக் குறையவில்லை. குட்டி போடுகிற நாளுக்கு முந்தின நாள் அது தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்குமாம். சிரிக்காதே. பாத்தியில் தண்ணீரின் அடர்த்தி இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால் உப்பு இறங்கும், அதுவரை இறங்காது. அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எனக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

ஒரு சமாச்சாரம். 26-ம் தேதி தூத்துக்குடியில் கல்கத்தா கப்பலுக்கு நம் உப்பு ஏறுகிறது. துறைமுகத்தில் சாம்பிள் எடுத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட கெமிஸ்ட் போக வேண்டும். மானேஜர் ஜேசுபாதம் என்னைத்தான் போகச் சொல்கிறார். தலைமை கெமிஸ்ட் இடம் காலியாக இருப்பது உனக்குத் தெரியும். இரண்டு நாள் வேலைதான். ரூபிக்கு 5-ம் தேதி, நான் 27-ம் தேதியே திரும்பிவிடுவேன். அதுவரை தளவாய் பார்த்துக்கொள்வான்.

நேற்றிலிருந்து அவளுக்கு அடிவயிறும் முலைக்காம்பும் சிவந்திருக்கின்றன. நக்கிக்கொண்டே இருக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை.

உன்,
கிருபாநிதி


நாசரேத்,
15.11.1973

உப்புச் சாக்கையா விரித்தீர்கள்?

ஏன் சிவந்தது என்று தெரியவில்லையாம்! வருஷம் முழுக்க உப்பு ஏறின சாக்கு, இந்த ஐப்பசி மழை ஈரத்தில் கசியாமல் என்ன செய்யும்? பிள்ளைத்தாய்ச்சியை உப்பில் படுக்க வைத்துவிட்டு வாய்க்குள் தெர்மாமீட்டர் வைத்தீர்களோ, எங்கே வைத்தீர்களோ! சாக்கை வெளியே எறியுங்கள். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அவள் வயிற்றைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பழைய பருத்தித் துணியாக, மெத்தென்று இருக்கிற சேலையாகப் பார்த்து விரியுங்கள்.

துணி தேடுகிறேன் என்று கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியைத் தொடக் கூடாது. அதன் சாவி என்னிடம் இருக்கிறது.

எழுத வேண்டாம் என்று இருந்தேன். நீங்கள் கப்பல் என்று எழுதிவிட்டீர்கள், இனி எழுதாமல் முடியாது. மார்ச் 9-ம் தேதியும் கப்பல்தான். ஜீப் வாசலில் நின்றது. "இன்னைக்குப் போகாதிய அத்தான், இடுப்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். நீங்கள் காலண்டரைத் திருப்பிக் காட்டி, "டாக்டரம்மா இருபதாம் தேதில்லா சொல்லிருக்கா, இன்னும் பதினோரு நாள் கெடக்கே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போக வேண்டாம் என்று உங்களை நம்பித்தான் அங்கே இருந்தேன். வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை அழும் அழும் என்று காத்துக்கொண்டே படுத்திருந்தேன். நீங்கள் மறுநாள் மத்தியானம் வந்தீர்கள்.

நான் சொன்னதை நம்பாமல் ஒரு தாளை நம்பினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேவகனி


ஆறுமுகநேரி,
19.11.1973

அன்புள்ள கனிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் என்று நாலு தாள் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை வந்துவிடுகிறது.

சாக்கை எறிந்துவிட்டேன். எண்ணெய் தடவியதில் சிவப்பு தணிந்திருக்கிறது. நீ பழைய சேலை ஒன்றுகூட விட்டுப் போகவில்லை, அதனால் என் வேட்டியைக் கிழித்து விரித்திருக்கிறேன். பெட்டியைத் தொடவில்லை.

இன்று பாத்தியில் வேலை செய்யும் பேச்சி வந்து ரூபியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "ஏ சார், நீங்க நோட்டுல எழுதின தேதி வரைக்கும் இவ தாங்க மாட்டா. பாலு கட்டிட்டுல்லா! நீங்க பாத்தது அன்னைக்கு. அதுக்கு எட்டு ஒம்பது நாளு முன்னாலயே அந்தச் செவலை இங்கனயே சுத்திக்கிட்டுக் கெடந்துச்சே, நாங்க பாக்கலையா?" என்கிறாள். அவள் சொல்வது நிஜமானால் 26-ம் தேதிக்கே வந்துவிடும்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மானேஜரிடம் போய் நாய்க்குப் பேறுகாலம் என்று எப்படிச் சொல்வேன்? இன்னும் தெர்மாமீட்டர் இறங்கவில்லை. பார்ப்போம்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்டுவிட்டேன்.

உன்,
கிருபாநிதி


நாசரேத்,
22.11.1973

பேச்சி சொல்வது சரி. அவள் ஐந்து பெற்றவள்.

போக வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன். அடையாளங்களை மட்டும் எழுதுகிறேன். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், மூலையில் மண்ணைப் பிறாண்டினால், உடம்பு நடுங்கினால், உங்களைப் பார்த்து வாலை ஆட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் வந்துவிட்டது. இது அவளுக்குத் தலைப்பிரசவம். தனியாக இருந்தால் பயந்து குட்டியின் மேலேயே படுத்துவிடுவாள்.

கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 26-ம் தேதி போகட்டும், பிறகு சொல்கிறேன்.

தேவகனி


ஆறுமுகநேரி,
28.11.1973

அன்புள்ள கனிக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. பார்த்தேன், உதறிவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் அதேதான். முந்தின நாள் மழையில் வெளியே கிடந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோற்றைத் தொடவில்லை. மானேஜர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பேச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, சாம்பிள் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். ரூபி வாசல்வரை வந்து நின்றாள். குரைக்கவில்லை, வாலையும் ஆட்டவில்லை. மார்ச்சில் நீ நின்ற அதே இடம், கனி.

ஆத்தூர்ப் பாலம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. இந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர், "போறதுன்னா இப்பவே போயிருங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல அடைச்சிருவோம், திரும்பி வர முடியாது" என்றார். அப்போதுதான் இறங்கினேன்.

ஜேசுபாதம் சிரித்தார். "என்னவே, நாய்க்குப் பேறுகாலம் பாக்கப் போறீரா? கப்பல் காத்துக்கிட்டு நிக்கி. ஏறும்வே!" என்றார். டப்பாக்களை அவர் மடியில் வைத்தேன். "போன தடவை எறங்கியிருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னேன். மூன்று மைல், மழையில் ஓடியும் நடந்தும் வந்தேன்.

வீட்டில் பெட்டி காலியாக இருந்தது. ரூபி கட்டிலுக்கு அடியில், உன் தகரப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டிருந்தாள். ஒரு குட்டி பிறந்துவிட்டது. இரண்டாவது பின்னங்கால் மட்டும் வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருந்தது. பேச்சி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "இழுக்காதீங்க சார், அவ முக்கும்போது மட்டும் சேந்து குடுங்க" என்றாள். குட்டி என் கையில் வழுக்கியது. வேட்டித் துண்டுகள் எல்லாம் ஏற்கனவே நனைந்திருந்தன. நானும் சொட்டச் சொட்ட நின்றேன். வீட்டில் உலர்ந்த துணி என்று ஒன்றும் இல்லை.

அம்மிக் குழவியால் பெட்டியின் பூட்டை உடைத்தேன்.

உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது. வெள்ளை ஃபிளானலில் மஞ்சள் வாத்து தைத்திருக்கிறாய். எப்போது தைத்தாய்? நான் பார்த்ததே இல்லை. அதை எடுத்துத்தான் குட்டியைப் பிடித்தேன். வந்துவிட்டது, ஆனால் மூச்சு இல்லை. அந்தத் துணியிலேயே வைத்துத் தேய்த்தேன். பேச்சி, "போதும் சார், விட்ருங்க, அது அவ்வளவுதான்" என்றாள். நான் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திடீரென்று வாயைத் திறந்து கீச்சென்றது.

அந்தச் சத்தத்துக்காக நீ எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு கிடந்திருப்பாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

மொத்தம் நான்கு. நான்கும் உயிரோடு இருக்கின்றன. ரூபி நேற்று இரண்டு முட்டை தின்றாள்.

தொடாதே என்று சொன்னதைத் தொட்டேன். பெட்டியில் இருந்த பிள்ளைத் துணி எட்டையும் எடுத்துவிட்டேன், எல்லாம் கறையாகிவிட்டன. நீ என்ன சொன்னாலும் அதற்கு நான் பாத்தியப்பட்டவன்.

உன்,
கிருபாநிதி


ஆறுமுகநேரி,
8.12.1973

அன்புள்ள கனிக்கு,

பத்து நாள் ஆகிவிட்டது. தபால்காரரை வழியிலேயே மடக்கிக் கேட்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்தால் வேறு தெரு வழியாகப் போகிறார்.

குட்டிகள் கண் திறந்துவிட்டன. கம்பெனியில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள், தலைமை கெமிஸ்ட் வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறார். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி அந்தப் பாலம் வந்தாலும் இறங்குவேன்.

துணிகளைச் சோடா போட்டு ஊறவைக்கலாமா என்று பேச்சியிடம் கேட்டேன். 17-ம் தேதி தூத்துக்குடி போகும்போது பழையதைப் போலவே ஒரு பூட்டு தேடி வாங்கிப் போட்டு, சாவியை உனக்கு அனுப்புகிறேன். உள்ளே இருந்ததைத் திருப்பித் தர முடியாது என்று தெரியும்.

கோபம் என்றால் கோபமாகவே ஒரு வரி எழுது.

உன்,
கிருபாநிதி


நாசரேத்,
12.12.1973

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம்தான். உங்கள் கடிதம் வந்த அன்று பூட்டை உடைத்தேன் என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் படிக்க ஐந்து நாள் ஆயிற்று. படித்த பிறகு எழுத இன்னும் சில நாள் ஆயிற்று. வகுப்பில் பிள்ளைகள், "டீச்சர், கணக்கு தப்பாப் போட்டுட்டிய" என்று சொல்லும்படி இருந்தேன்.

அந்த வாத்தை ஏழாம் மாதத்தில் தைத்தேன். நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகுதான் எடுப்பேன். பிள்ளையை அதில் சுற்றி உங்கள் கையில் கொடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு பிள்ளையும் தொடாத துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் பூட்டிச் சாவியை எடுத்து வந்தேன். எரிக்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

98.4 என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணைப் பார்த்தும் நீங்கள் ஏறினீர்கள். பாலத்தில் இறங்கினீர்களே, அதை நான் பத்துத் தடவை படித்தேன். அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மழையில நடந்தானாமா?" என்று மட்டும் கேட்டார்.

21-ம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் மூடுகிறது. சாயங்கால ரயிலுக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஆனால் ரூபியைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம், பேச்சியை உட்கார வைத்துவிட்டு வாருங்கள். மாட்டிக்கொண்டு பிறந்த அந்தக் குட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

துணிகளைச் சோடாவில் போட வேண்டாம், ஃபிளானல் சுருங்கிவிடும். அப்படியே வைத்திருங்கள். நான் வந்து துவைத்து வெயிலில் போடுகிறேன்.

பூட்டு வாங்க வேண்டாம்.

உங்கள்,
கனி